பொட்டு வைக்க இடமில்லாத கடை

நடந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன். விளக்கம் பிறகு.

1. போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை, மும்பை செம்பூரில் எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்தபடியே இணையத்தில் ஓர் ஓவியக் கடை திறந்தேன்.

2. கடையில் முதலில் வைத்தது என் அப்பாவின் படம். மாதிரிக்காக வைத்தது, விற்பதற்காக அல்ல.

3. கடை நல்லபடியாக நடக்க வேண்டும் என்று என் மாமியார் அந்தப் படத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, மல்லிகைச் சரமும் போட்டார்.

4. அதைப் பார்த்த ஊர்க்காரர்கள் அப்பா இறந்துவிட்டதாக நம்பினார்கள். அப்பா வள்ளியூரில் நலமாக இருந்தார்.

5. அதன்பின் எனக்கு வந்த வேலைகள் எல்லாம் அந்த ஒரு படத்தைப் பார்த்து வந்தவைதான்.

6. போன திங்கட்கிழமை அந்தப் படத்தை ஒருவர் விலைக்கு வாங்கிவிட்டார்.

7. அதே நாளில், இரண்டு நாள் தாமதமாக, கடை இருக்கும் தளத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. ஒரு கேக், அதன்மேல் ஒற்றை மெழுகுவத்தி. "உங்கள் கடைக்கு முதல் பிறந்தநாள் வாழ்த்துகள்!"

8. வெள்ளிக்கிழமைக்குள் படத்தை அனுப்ப வேண்டும். இல்லையென்றால் கடை முடக்கப்படும் என்று இன்னொரு மின்னஞ்சல் சொன்னது. அதில் கேக் இல்லை.

ஊரில் ஓவியம் வரையும் இரண்டு பெண்கள், "அக்கா, ஆன்லைன்ல எப்படி விக்கது, எங்களுக்கும் சொல்லுங்க" என்று பலநாளாகக் கேட்கிறார்கள். அவர்களுக்கான பதிலாகவும் இதை வைத்துக்கொள்ளலாம். ஆனால் நல்ல மனநிலையில் எழுதும் பதில் அல்ல இது.

*

ஊரில் இருப்பவர்கள் மும்பையை வெளிநாடு என்று ஒப்புக்கொள்வதில்லை. பாஸ்போர்ட் வேண்டாம், அதே ரூபாய், ரயிலில் தூங்கி எழுந்தால் வந்துவிடலாம் என்பார்கள். வந்தவர்களுக்குத்தான் தெரியும். இங்கே என்னை முதலில் தடுத்து நிறுத்தியது மொழிகூட இல்லை, என் பெயர்.

வள்ளியூரில் எனக்கு ஒரு பெயரும் ஓர் இனிஷியலும் போதுமாக இருந்தன. சு. முத்துச்செல்வி. இங்கே வந்த புதிதில் வங்கியில் இருந்த பெண்மணி "சர்நேம்?" என்றார். இல்லை என்றேன். "ஐசே கைசே?" என்று என்னை நிமிர்ந்து பார்த்தார். அது எப்படி இல்லாமல் போகும் என்று கேட்கிறார். எனக்கு அப்போது இந்தி அரைகுறை. பெயரைத் தொலைத்துவிட்டு வந்தவள்போல விழித்தேன். கடைசியில் அந்த 'சு'வை நீட்டி, அப்பாவின் பெயரைக் கடைசிப் பெயராக எழுதிக் கொடுத்தேன். முத்துச்செல்வி சுடலைமுத்து. அன்றிலிருந்து எல்லா அட்டைகளிலும் அதுதான்.

நான் காட்கோபரில் ஒரு நிறுவனத்தில் மென்பொருள் சோதிக்கும் வேலை செய்கிறேன். ஒரு படிவத்தில் எந்தப் பெட்டி யாரை வெளியே நிறுத்தும் என்று முன்கூட்டியே கண்டுபிடித்துச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். 'கடைசிப் பெயர் கட்டாயம்' என்பதைப் பிழை என்று பலமுறை எழுதிக் கொடுத்திருக்கிறேன். "பிழை அல்ல, வடிவமைப்பே அப்படித்தான்" என்று ஒவ்வொரு முறையும் பதில் வரும்.

கடை திறந்தபோதும் அதே பெட்டி. அட்டையில் உள்ளபடியே நிரப்பினேன். தளமோ என் கடைசிப் பெயரை மட்டும் எடுத்து, விற்பவர் பெயர் என்ற இடத்தில் கொட்டை எழுத்தில் போட்டுக்கொண்டது. மாற்றக் கேட்டேன். வங்கிக் கணக்கில் உள்ள கடைசிப் பெயர்தான் வரும் என்றார்கள். ஆக, வரைவது நான், கடை சுடலைமுத்துவுடையது. இன்றுவரை வாங்குகிறவர்கள் "சுடலைமுத்து ஜி, உங்கள் தூரிகைக்கு வணக்கம்" என்றுதான் எழுதுகிறார்கள். ஒருவர் "இந்த வயதிலும் உங்கள் கை நடுங்கவில்லையே" என்று வியந்திருந்தார்.

*

கேட்டவர்களுக்காகச் சில நடைமுறைகளைச் சொல்லிவிடுகிறேன்.

கண்ணாடி போடுவதற்கு முன்பே படத்தைப் புகைப்படம் எடுத்துவிடுங்கள். கண்ணாடி போட்டபின் எடுத்தால் அதில் உங்கள் ஜன்னல், உங்கள் கை, கொடியில் காயும் துணி எல்லாம் தெரியும். காலை வெளிச்சம் போதும், நேர் வெயில் வேண்டாம். காகிதத்தின் அளவு, வண்ணத்தின் வகை, சட்டத்தோடா சட்டமில்லாமலா எல்லாம் எழுதுங்கள். எழுதினாலும் படிக்கமாட்டார்கள். நான் நீர்வண்ணம் என்று எழுதியதற்குக் கீழேயே "இது ஆயில் பெயின்டா?" என்று கேள்வி இருக்கும்.

இணையத்தில் போடும் படத்தின் தரத்தைக் குறைத்துப் போடுங்கள். நான் போட்ட ஒரு படம் சோபா உறைகளில் அச்சாகி வேறொரு கடையில் விற்பனைக்கு வந்தது. புகார் செய்தேன். அது என் படம்தான் என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். அசல் என் வீட்டுச் சுவரில் இருக்கிறது என்றேன். சுவரை ஆதாரமாக ஏற்பதற்கு அவர்களிடம் வழியில்லையாம்.

பிறகு பிரிவு. உங்கள் ஓவியம் எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்று தளம் கேட்கும். செம்பூர் ஸ்டேஷன் பாலத்தில் ரயில் வருகிறதா என்று எட்டிப் பார்க்கும் பெண்கள், டிராம்பே பேருந்தில் உட்கார்ந்தபடியே தூங்கும் ஷிஃப்ட்காரர்கள் என்று நான் வரைந்தவை எதற்கும் பிரிவு இல்லை. 'மற்றவை' என்று போட்டேன். மற்றவையை யாரும் திறந்து பார்ப்பதில்லை. 'தென்னிந்தியக் கலை' என்று போட்டுப் பார்த்தேன். உடனே தஞ்சாவூர் ஓவியம் தேடும் ஆட்கள் வந்தார்கள். "இதில் கோல்டு எங்கே?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

விற்பனைக்கு இல்லாத மாதிரிப் படங்களை வைக்காதீர்கள். இது முக்கியம். நான் அப்பாவின் படத்துக்குக் கீழே "மாதிரி மட்டும், விற்பனைக்கு அல்ல" என்று எழுதியிருந்தேன். அந்தச் சொற்கள் கடையின் விதிக்கு எதிரானவை என்று தளம் தானாகவே அந்த வரியை அழித்துவிட்டது. விலைப் பெட்டியையும் வெறுமையாக விட முடியவில்லை. சரி, யாரும் வாங்க நினைக்காத ஒரு விலையைப் போட்டு வைத்தேன். சோதனைக்காரி நான். அந்த விலைக்கும் ஒருவன் வருவான் என்பதை மட்டும் சோதிக்கவில்லை.

*

இனி அந்த வெள்ளிக்கிழமை.

என் மாமியார் கல்யாணமாகி வந்ததிலிருந்து தாராவியில் குடியிருந்தவர். மாமனார் இறந்தபிறகுதான் எங்களோடு செம்பூருக்கு வந்தார். இந்தியில் ஆட்டோக்காரரோடு சண்டை போடுவார், மராத்தியில் காய்கறி பேரம் பேசுவார். வீட்டுக்குள் வந்துவிட்டால் திருநெல்வேலிதான். அன்று காலையில் குளித்துவிட்டு, சந்தனக் கிண்ணமும் பூவுமாக ஹாலில் வந்து நின்றார்.

"ஏளா, கடை எங்க இருக்கு?"

"இதுலதான் அத்தை," என்று மேஜையில் திறந்திருந்த மடிக்கணினியைக் காட்டினேன்.

சந்தனம் தோய்ந்த விரலோடு அவர் அதை நோக்கிக் குனிந்ததும் என் கணவர் செந்தில் பாய்ந்து வந்தார்.

"அம்மா, நை நை! அது ஆபீஸோடது. ஸ்க்ரீன்ல எதாவது ஆச்சுன்னா என் நவுக்ரி போயிரும்!"

வேலை போய்விடும் என்று சொல்லியபடியே மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு படுக்கையறைக்குள் போய்விட்டார்.

மாமியார் விரலை நீட்டியபடி நின்றார். "கடைன்னா ஒரு நெலை இருக்கும், ஒரு கல்லாப்பெட்டி இருக்கும். இது என்ன கடைளா, பொட்டு வைக்க ஒரு எடமில்ல?"

"இருக்கட்டும் அத்தை, சாமி படத்துக்கு வச்சிருங்க."

"சாமியா யாவாரம் பண்ணப்போவுது? நீல்லா பண்ணப்போற."

என் நெற்றியில் ஒன்று வைத்தார். அப்போதும் அவருக்குத் திருப்தியில்லை. கடையின் முதல் சரக்காக, சட்டம் போட்டுச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்த அப்பாவின் படம் கண்ணில் பட்டது. கண்ணாடியின் நான்கு மூலைகளிலும் சந்தனம் வைத்து, மேலே குங்குமம் வைத்தார். அதோடு விட்டிருக்கலாம். கை ஓடிய வேகத்தில் அப்பாவின் நெற்றிக்கு நேராகவும் ஒன்று வைத்தார். மிச்சமிருந்த மல்லிகையைச் சட்டத்தின் மேல் போட்டார்.

பூ போடுவதற்கு முன் இரண்டு, போட்டபின் மூன்று என்று படங்கள் எடுத்து ஏற்றினேன். முகப்புக்கு நான் தேர்ந்தெடுத்தது பூ இல்லாததை. சற்று நேரத்தில் தளத்திலிருந்து செய்தி வந்தது: "உங்களுக்காக இதைவிடச் சிறந்த முகப்புப் படத்தை எங்கள் மென்பொருள் தேர்ந்தெடுத்துள்ளது." நான் அப்போது என் மகள் நிலாவைப் பள்ளியிலிருந்து அழைத்துவரப் போயிருந்தேன். பார்க்கவில்லை.

மென்பொருள் தேர்ந்தெடுத்த முகப்பு இப்படி இருந்தது. நடுவில் வெள்ளைச் சட்டையில் அப்பா. நெற்றியில் பொட்டு. மேலே மல்லிகைச் சரம். கீழே கொட்டை எழுத்தில் சுடலைமுத்து. அதற்கும் கீழே, கடை தொடங்கிய தேதி.

எங்கள் பக்கம் பேருந்து நிலையச் சுவரில் ஒட்டும் அஞ்சலிச் சுவரொட்டிக்கும் இதற்கும் ஒரே வித்தியாசம், இதில் 'கூடையில் சேர்க்கவும்' என்று ஒரு பொத்தான் இருந்தது.

*

சொந்தக்காரப் பையன் ஒருவன் பெருமையாக அதைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டிருக்கிறான். யாரோ முதலில் கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான். அடுத்தவர் "ஆழ்ந்த இரங்கல்", அதற்கடுத்தவர் "நல்ல மனிதர்". மறுநாள் காலை நாங்குநேரியிலிருந்து சித்தப்பா, அதாவது அப்பாவின் தம்பி, முதல் பேருந்தில் கிளம்பி வந்துவிட்டார்.

அப்பா எனக்குப் போன் செய்தார். அவர் போக்குவரத்துக் கழகத்தில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். பேருந்து நிலையக் கூண்டில் உட்கார்ந்து, எந்த வண்டி எத்தனை நிமிடம் தாமதம் என்று எழுதிய மனிதர். குரலை உயர்த்தமாட்டார்.

"ஏட்டி, நான் எப்ப செத்தேன்? எனக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"அப்பா..."

"ஒன் சித்தப்பன் தெருமுக்குலருந்தே அழுதுகிட்டு வாரான். நான் பால் பாக்கெட்டோட கேட்டுல நிக்கேன். என்னையப் பாத்ததும் அவனுக்குச் சந்தோசம் வரணும்லா? கோவம் வருது. 'லீவு போட்டுட்டு வந்தேனே, மாலையும் வாங்கிட்டேனே'ன்னு என்னையப் போட்டு ஏசுதான்."

"மாலையை என்னப்பா செஞ்சீங்க?"

"பிள்ளையாருக்குப் போட்டாச்சு. வேற என்ன செய்ய? பென்சனுக்கு வருசா வருசம் உசுரோட இருக்கேன்னு காட்டணும். இந்த வருசம் ரெண்டு தடவ காட்டச் சொல்லுவான் போலருக்கு." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்தப் படத்த எடுத்திரு மக்ளே. ஒங்கம்மா காலையிலருந்து சாப்பிடல."

என் மாமியாரிடம் சொன்னேன். அவருக்கு முகம் கறுத்துவிட்டது. "நான் கடைக்கு வச்சேன். சம்மந்திக்கா வச்சேன்? கடைக்கு ஒரு வாசல் இருந்திருந்தா அவரு நெத்திக்கு நான் ஏன் போறேன்?"

நியாயம்தான்.

அன்று மாலை அப்பாவோடு காணொளியில் பேசினோம். ஐந்து வயது நிலாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வீட்டில் நடந்த பேச்சை எல்லாம் கேட்டிருக்கிறாள். அவளுக்குத் தமிழ் புரியும். வாயில் வருவது இந்திதான். திரையில் தாத்தாவை உற்றுப் பார்த்து, "நானா, ஆப் மர் கயே தே க்யா?" என்றாள். நீங்கள் செத்துப்போயிருந்தீர்களா என்று கேட்கிறாள்.

"பிள்ள என்ன கேக்கா?" என்றார் அப்பா. அவருக்கு இந்தி ஒரு சொல்கூடத் தெரியாது.

"சாப்பிட்டீங்களான்னு கேக்கா."

"ஆச்சு, ரெண்டு தோசைன்னு சொல்லு."

நிலாவிடம் திரும்பி, "இல்லையாம்" என்றேன்.

*

படத்தை எடுக்க நான் முயலாமல் இல்லை. முகப்பை மாற்றினேன். ஒரே வாரத்தில் கடை எங்கேயோ பின்னால் போய்விட்டது, வருகிறவர்கள் நின்றுபோனார்கள். முழுதாக நீக்கினால் அதோடு சேர்ந்த பாராட்டுக் குறிப்புகளும் போய்விடும் என்று தளம் எச்சரித்தது. அதற்குள் நான்கைந்து பேர் அந்தப் படத்தின் கீழ் எழுதியிருந்தார்கள். அப்பாவிடம் உள்ளதைச் சொன்னேன்.

"ஊரே பாத்துட்டு. இனி எடுத்தா என்ன, எடுக்காட்டி என்ன? போட்டு வை."

போட்டு வைத்தேன். முகப்பும் பழையபடி பூவோடு வந்துவிட்டது. அதன்பிறகு அவர் பேருந்து நிலையத்து டீக்கடையில் தன் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுவதாக அம்மா சொன்னாள். "பம்பாயில எம்பேர்ல ஒரு கடை நடக்கு" என்று சொல்கிறாராம்.

கடை நடந்தது. ஆனால் எப்படி நடந்தது என்பதில்தான் என் எரிச்சல் தொடங்குகிறது. வந்தவர்கள் எல்லோரும் ஒரே வரியைத்தான் எழுதினார்கள்: "அந்தப் பெரியவர் படம்போல எங்கள் அப்பாவுக்கும் ஒன்று." அணுசக்தி நகரில் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் தன் தாய்தந்தைக்குக் கேட்டார். கனடாவிலிருந்து ஒரு பெண் மங்கலான ரேஷன் அட்டைப் புகைப்படத்தை அனுப்பி, "கொஞ்சம் சிரிக்கவையுங்கள்" என்றாள். எல்லோரும் இறந்தவர்கள். எல்லோருக்கும் பொட்டும் பூவும் வேண்டும், வண்ணத்திலேயே வரைந்து தர வேண்டும். உயிரோடு நடமாடும் ஆட்களை வரைய ஆசைப்பட்டுக் கடை திறந்தவள் நான். ஒரு வருடத்தில் இறந்த அப்பாக்களை வரைகிறவளாக ஆகிவிட்டேன். ஸ்டேஷன் பாலத்துப் பெண்கள் அலமாரியின் மேல் சுருண்டு கிடக்கிறார்கள்.

இருந்தாலும் அது வரையும் வேலைதானே என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். அடுத்த மாதத்திலிருந்து வாரத்தில் மூன்று நாள் மட்டும் அலுவலகம் வருவதாகக் கேட்டிருந்தேன், மேலாளரும் ஒத்துக்கொண்டிருந்தார். மீதி நாட்களில் யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் எனக்கு வேண்டியதை வரைவது என்பது திட்டம். அந்தத் திட்டம் முழுவதும் கடையை நம்பித்தான் இருந்தது.

அப்போதுதான் அந்தத் திங்கட்கிழமை வந்தது.

*

வாங்கியவர் உள்ளலங்காரம் செய்பவர். ரோஹன் என்று பெயர். போன் செய்தேன். மிகவும் மரியாதையான இளைஞர். இந்தியில் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன்.

"மேடம், மாட்டுங்காவில் புதிதாக ஒரு ரெஸ்டாரன்ட் திறக்கிறோம். இட்லி, தோசை, ஃபில்டர் காபி. பழைய காலத்துத் தோற்றம். உள்ளே நுழைந்ததும் ஒரு சுவர் முழுக்க ஸ்தாபகருக்கு. உங்கள் படம்தான் அங்கே. பூவோடு, பொட்டோடு, அப்படியே."

"அவர் எதையும் ஸ்தாபிக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பராக இருந்தார். என் அப்பா."

"ஓ, சாரி மேடம். எப்போது காலமானார்?"

"காலமாகவில்லை. இன்று காலையில் போனில் பேசினேன்."

"அப்படியானால் ரொம்ப நல்லது மேடம். ஆட்சேபம் இல்லை என்று அவரிடமே ஒரு வரி வாங்கிவிடலாமே."

அந்தப் படம் வேண்டாம், உரிமையாளரின் தாத்தாவையே வரைந்து தருகிறேன், அதே அளவில், உடனே என்றேன்.

"தாத்தா போட்டோ பார்த்தேன் மேடம். டைல்ஸ் கடை வைத்திருந்தவர். சிரித்த முகம். இட்லிக்கடைக்காரர் முகம் இல்லை. உங்கள் அப்பா பார்க்கிறாரே, அந்தப் பார்வைக்கு சர்வர் ஒருத்தனும் சும்மா நிற்கமாட்டான்."

பார்வை விஷயத்தில் அவர் சொன்னது சரி. தாமதமாக வரும் வண்டியைப் பார்க்கும் பார்வை அது. அதற்காகத்தான் வரைந்தேன்.

அவர் ரத்து செய்ய மறுத்துவிட்டார். சுவருக்கு வண்ணம் பூசியாகிவிட்டதாம். இனி நான்தான் ரத்து செய்ய வேண்டும். ரத்து செய்யக் காரணம் கேட்டு ஒரு பட்டியல் வந்தது. சரக்கு இருப்பில் இல்லை. சரக்கு சேதமடைந்தது. விலை தவறு. முகவரி தவறு. இவற்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்; சேதம் என்று நிரூபித்தால் தவிர, எதைத் தேர்ந்தெடுத்தாலும் கடை முடங்கும். உதவிப் பக்கத்தில் ஆளிடம் பேச வேண்டும் என்று கேட்டால், ஆள்போலப் பேசும் இயந்திரம் வந்தது. "இது என் அப்பாவின் படம்" என்று எழுதினேன். "அருமை! அப்பாக்களுக்கான பரிசுப் பொருட்கள் இதோ" என்று இருபது கடைகளைக் காட்டியது.

இரவுச் சாப்பாட்டின்போது செந்தில் யோசனை சொன்னார். "டென்ஷன் எதுக்கு? சேதமாயிடுச்சுன்னு போடு."

"போட்டோ கேக்கான்."

"ஓரத்துல லைட்டா கிழிச்சு எடுத்து அனுப்பு."

மாமியார் தட்டிலிருந்து கையை எடுத்தார். "எல, ஒனக்குப் பொண்ணு குடுத்த மனுசன்ல அவரு. கிழிக்கச் சொல்லுதான் பாரு, கிழிக்க!"

"பேப்பரைத்தானே சொன்னேன் அம்மா."

"ஒங்கய்யா படமும் பேப்பருதான். அதுலயும் ஒரு ஓரத்தக் கிழி, பாப்பம்."

செந்தில் ரசம் கேட்டார். பேச்சு அத்தோடு நின்றது.

*

புதன்கிழமை அப்பாவிடம் சொன்னேன். கடை, அரை வேலை, மாட்டுங்கா எல்லாவற்றையும் சொன்னேன். அனுப்பாவிட்டால் கடை போய்விடும் என்பதையும் மறைக்கவில்லை.

"எந்த மாரி ஹோட்டலு?"

"நம்ம ஊர்ச் சாப்பாடுதான்ப்பா. பெரிய ஹோட்டல்."

"சாப்பாடு நல்லாருக்குமா?"

"இன்னும் தொறக்கல."

"அதுல நான் யாரு?"

"மொதலாளி. ஆரம்பிச்சவர்."

சிரித்தார். "முப்பது வருசம் கூண்டுக்குள்ள இருந்தேன். இப்பவாவது கல்லாவுல ஒக்கார வைக்கானே." பிறகு கேட்டார். "பொட்டோடத்தான் மாட்டுவானோ?"

"ஆமாப்பா. பூவோட, அப்படியே வேணும்ங்கான்."

"பூவத் தெனமும் மாத்துவானா?"

நான் ரோஹனிடம் அதைக் கேட்டிருந்தேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. "இல்லப்பா. பிளாஸ்டிக் பூ."

"பிளாஸ்டிக்கா."

பின்னால் தெருவில் ஏதோ வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"அனுப்பிரு மக்ளே. கடை நடக்கணும்லா."

அவர் சம்மதித்துவிட்டார். ஆட்சேபம் இல்லை என்று ஒரு வரி எழுதச் சொன்னால், அழகான கையெழுத்தில் எழுதியும் அனுப்புவார். மாதக் கணக்காக என்னைச் சுற்றியிருந்த எல்லாப் பெட்டிகளும் அந்த ஒரு சொல்லில் நிரம்பிவிட்டன. தளத்துக்கு ஆட்சேபம் இல்லை, வாங்கியவருக்கு இல்லை, செந்திலுக்கு இல்லை, படத்தில் இருப்பவருக்கே இல்லை. ஆட்சேபம் எனக்கு மட்டும்தான் இருந்தது. அதைச் சொல்வதற்குப் பெட்டி இல்லை.

வியாழக்கிழமை காலையில் வேலைக்குக் கிளம்புமுன் 'சரக்கு இருப்பில் இல்லை' என்பதைத் தேர்ந்தெடுத்து ரத்து செய்தேன். சரக்கு அப்போது எனக்கு எதிரே சுவரில் சாய்ந்து, தாமதமாகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தது.

காட்கோபரில் இறங்குவதற்குள் கடையை முடக்கிவிட்டார்கள். அப்பாவுக்குப் போன் செய்து சொன்னேன்.

"நான்தான் அனுப்பச் சொன்னேனே?"

"அனுப்பலப்பா."

"கடை?"

"மூடிட்டாங்க."

"எம்பேர்ல உள்ள கடைய என்ட்ட கேக்காம மூடிட்டியோ?" என்றார். பிறகு, "டீக்கடையில கேட்டா என்ன சொல்ல?" என்றார். அது விளையாட்டுக்குக் கேட்டதா, உண்மையாகவே கேட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. மராமத்து வேலை நடக்கிறது என்று சொல்லச் சொன்னேன்.

*

இப்போதைய நிலவரம் இது. கடை முடங்கியிருக்கிறது. முறையீடு செய்திருக்கிறேன், பரிசீலனையில் இருப்பதாகத் தானியங்கிப் பதில் வந்திருக்கிறது. பாதியில் நின்ற மூன்று படங்களுக்கான பணத்தை அவரவருக்குத் தளம் திருப்பிக் கொடுத்துவிட்டது. அவர்களுடைய அப்பாக்கள் என் மேஜையில் அரைகுறையாக இருக்கிறார்கள். முடித்து, என் செலவிலேயே அனுப்பலாம் என்று இருக்கிறேன். மேலாளரிடம் பேசிவிட்டேன். அடுத்த மாதமும் வாரத்தில் ஐந்து நாள் அலுவலகம்.

மாமியார் ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைத்துப் பொட்டுகளை எடுத்துவிட்டார். மாமனாரின் படம் இருக்கும் சுவரில் இதை மாட்டக் கூடாது என்று அவரே சொல்லி, எதிர்ச் சுவரில், ஃப்ரிட்ஜுக்கு மேலே ஆணி அடிக்க வைத்தார். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் நேரமாகிறது என்று அப்பா பார்க்கிறார்.

வள்ளியூரில் அவர் உயிரோடு இருக்கிறார்.